38 ஜிபி எங்கே போனது? லினக்ஸ் லாக்குகளைத் துடைப்பதற்கு முன்

லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் ஒரு நாள் காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். “மாமா, பாஸ்வேர்ட் சரியாத்தான் போடுறேன். கறுப்பாகி மறுபடியும் பாஸ்வேர்ட் கேக்குற இடத்துக்கே வந்து நிக்குது.”

உபுண்டு போட்ட லேப்டாப். பாஸ்வேர்ட் தவறு என்றால் தவறு என்று சொல்லிவிடும். உள்ளே விட்ட மறுநொடியே வெளியே தள்ளுகிறது என்றால் முதலில் டிஸ்க்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். டெஸ்க்டாப் எழும்போது சின்னச் சின்னதாகப் பல கோப்புகளை எழுதும். எழுத இடமில்லை என்றால் காரணம் சொல்லாமல் விழுந்துவிடும்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரை வரும். அங்கே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்ததும் மறுக்காமல் உள்ளே விட்டது. ‘டிஎஃப்’ கட்டளை போட்டேன். (கட்டளைகளை வாயால் சொல்வது போலவே இங்கே எழுதுகிறேன்.) லினக்ஸுக்கு ஒதுக்கியிருந்த 100 ஜிபியில் 95 ஜிபி பயன்பாட்டில், மிச்சம் பூஜ்ஜியம். மீதி 5 ஜிபி எங்கே என்று அவன் கேட்டான். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை, எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கென்று தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும். வீடே நிறைந்தாலும் வேலை பார்க்க வருபவர் நிற்க ஓர் அடி இடம் வேண்டுமல்லவா, அதற்கு.

அடுத்து எந்தக் கோப்பு எவ்வளவு தின்கிறது என்று ‘டியூ’ கட்டளையால் பார்த்தேன். நடப்பதையெல்லாம் கணினி குறித்துவைக்கும் கோப்புகள்தான் லாக்குகள். அவை இருக்கும் ‘/வார்/லாக்’ என்ற அடைவில் ‘கெர்ன்.லாக்’ மட்டும் 37 ஜிபி. ஜர்னல் என்ற இன்னொரு லாக் 4 ஜிபி. மற்றதெல்லாம் சேர்த்து 16. ஆக மொத்தம் 57. ஒரு கட்டளை 95 என்கிறது, இன்னொன்று 57 என்கிறது. நடுவில் 38 ஜிபி காணோம்.

“டிஸ்க்ல இடம் கம்மின்னு நேத்தே சொல்லுச்சு மாமா. நெட்ல பார்த்து சிஸ்லாக் கோப்பை ‘ஆர்எம்’ போட்டு அழிச்சேன். ஆனா இடம் வரவே இல்ல.”

சரி, கதை புரிந்தது.

லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. தரவு எங்கெங்கே கிடக்கிறது, யாருக்குச் சொந்தம் என்ற விவரமெல்லாம் ஐநோட் என்ற குறிப்பில் இருக்கும். பெயர் என்பது அடைவில் தொங்கும் ஒரு சீட்டு, அந்த ஐநோடைக் கைகாட்டும். ‘ஆர்எம்’ செய்வது சீட்டைக் கிழிப்பது மட்டும்தான். கடைசிச் சீட்டும் கிழிந்து, அந்தக் கோப்பை யாரும் திறந்து வைத்திருக்கவும் இல்லை என்றால்தான் லினக்ஸின் மையமான கர்னல் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பொதுவான லாக்கான சிஸ்லாக் கோப்பையோ, லாக் எழுதும் ஆர்சிஸ்லாக் என்ற சேவை கணினி எழுந்ததிலிருந்து திறந்தே வைத்திருக்கிறது. பெயர் போனது அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. பெயரில்லாத அந்தக் கோப்பிலேயே அது எழுதிக்கொண்டிருந்தது. அவன் அழித்த பிறகும் கோப்பு வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அடைவு அடைவாகப் போய்க் கூட்டும் ‘டியூ’வுக்குச் சீட்டுதான் தெரியும். ‘டிஎஃப்’ கோப்பு முறைமையின் கணக்கையே கேட்கிறது. இரண்டுக்கும் இடையில் விழுந்த துண்டுதான் அந்த 38 ஜிபி.

இப்படிப்பட்ட பேய்க்கோப்புகளைக் காட்டித்தரும் கருவி ‘எல்எஸ்ஓஎஃப்’. பெயர் எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே உள்ளவற்றை மட்டும் காட்டு என்று கேட்டால், ஓரத்தில் ‘டெலீட்டட்’ என்ற குறிப்போடு வரிசையாக நிற்கும். ஆர்சிஸ்லாக் சேவையை நிறுத்தித் தொடங்கினேன். கையிலிருந்த கோப்பை விட்டது, 38 ஜிபி ஒரே நொடியில் திரும்பியது. கணினியை ரீஸ்டார்ட் செய்திருந்தாலும் வந்திருக்கும், ஆனால் ஏன் வந்தது என்று தெரிந்திருக்காது. நிறுத்தவே முடியாத சேவை என்றால் ‘/ப்ராக்’ அடைவுக்குள் அந்தச் செயலியின் எண்ணுக்குக் கீழே திறந்த கோப்புகளின் பட்டியல் இருக்கும். அதன் வழியாகவே பெயரற்ற கோப்பைக் காலி செய்துவிடலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை அழிக்கக் கூடாது, காலி செய்ய வேண்டும். ‘ட்ரன்கேட்’ என்ற கட்டளை கோப்பை அப்படியே வைத்து, அளவை மட்டும் பூஜ்ஜியமாக்கும். ஆர்சிஸ்லாக் எப்போதும் கோப்பின் கடைசியில் சேர்த்தே எழுதுவதால் அடுத்த வரி ஒழுங்காக முதலிலிருந்து வரும். எல்லாச் செயலியும் இப்படி நடந்துகொள்ளாது. சில தாம் விட்ட இடத்தை நினைவில் வைத்து அங்கேயே எழுதும். அப்போது முன்பகுதி ஓட்டையாகி, பார்க்க 37 ஜிபி போலவும் உள்ளே ஒன்றுமில்லாமலும் ஒரு விநோதக் கோப்பு கிடைக்கும். பயப்பட வேண்டாம், அது இடத்தை அடைக்காது.

ஆனால் ‘கெர்ன்.லாக்’கை நான் உடனே காலி செய்யவில்லை. 37 ஜிபி அளவுக்கு எதை எழுதியது என்று பார்க்காமல் துடைத்தால் நாளை மறுநாள் இதே கதைதான். கடைசி ஐம்பது வரிகளைப் பார்த்தேன். எல்லாம் ஒன்றே: ‘பிசிஐஇ பஸ் எரர், செவெரிட்டி ஈக்குவல்ஸ் கரெக்டட்’. தமிழில் சொன்னால், “ஒரு பிழை நடந்தது, நானே திருத்திக்கொண்டேன்.” வைஃபை கார்டு பேசும் தடத்தில் சின்ன உரசல். வன்பொருளே அதைச் சரிசெய்துகொள்கிறது, ஒன்றும் கெடவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. ஒரு தடவைக்கு நான்கு வரி, ஏறத்தாழ 400 பைட். நொடிக்கு 500 தடவை என்றால் 200 கேபி, ஒரு நாளைக்கு 17 ஜிபி. இரண்டு நாள் முன் கர்னல் அப்டேட் ஆனதிலிருந்து இது ஓடியிருக்கிறது. கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வருகிறது.

இதற்கு நெட்டில் இரண்டு வைத்தியம் கிடைக்கும். கர்னல் தொடங்கும்போது கொடுக்கும் விருப்பங்களில் ‘நோஏஇஆர்’ என்று சேர்ப்பது ஒன்று. அது பிழையை அறிவிக்காதே என்று வாயைக் கட்டுவது. இன்னொன்று, அந்தத் தடத்தின் மின்சேமிப்பை அணைப்பது. பல லேப்டாப்களில் உரசலுக்குக் காரணமே அந்த மின்சேமிப்பு நிலையிலிருந்து எழுவதும் தூங்குவதும்தான். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அதையே செய்தேன். நாளைக்கு அந்தக் கார்டு நிஜமாகவே சாகப் போகிறதென்றால் அதைச் சொல்லும் வாயைக் கட்டி வைத்திருக்க மனம் வரவில்லை.

ஒரே செய்தி ஏன் மூன்று இடங்களில் எழுதப்பட வேண்டும்? இதற்குப் பின்னால் நாற்பது வருட வரலாறு இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ஆல்மன் செண்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலை எழுதினார். எந்தக் கடிதம் எங்கே போனது, எது திரும்பியது என்று எழுதிவைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அதற்காக அவர் செய்த சின்ன ஏற்பாடுதான் சிஸ்லாக். மற்ற நிரல்களும் அதையே பயன்படுத்தத் தொடங்கின. யாரும் உட்கார்ந்து விதி எழுதாமலேயே அது வழக்கமானது. எல்லோரும் செய்துகொண்டிருந்ததைக் காகிதத்தில் எழுதிவைத்ததே 2001இல்தான், முறையான தரம் 2009இல் வந்தது. ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை எட்டு அவசர நிலைகள்: கணினியே சாகிறது என்பது 0, நிரலாளர் தனக்குத்தானே முணுமுணுப்பது 7. எந்தத் துறையிலிருந்து வந்தது என்ற முத்திரையும் உண்டு. அந்தத் துறைப் பட்டியலில் யூயூசிபி, நியூஸ் என்று இன்று யாரும் தொடாத பழைய சேவைகள் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன, பூட்டிய கடையின் பெயர்ப்பலகை போல.

டெபியன், உபுண்டு வழக்கத்தில் கர்னல் துறையின் செய்திகள் ‘கெர்ன்.லாக்’குக்குப் போகும், பொதுவான ‘சிஸ்லாக்’குக்கும் போகும். மூன்றாவது இடம் ஜர்னல். 2010இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கிய சிஸ்டம்டி திட்டத்தோடு அடுத்த ஆண்டே இது அறிவிக்கப்பட்டது. லாக் என்றால் யாரும் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பு என்ற பழக்கத்தை உடைத்து, தேடுவதற்கு வசதியான இருமக் கோப்பாக மாற்றினார்கள். அப்போது நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. ‘க்ரெப்’ போட்டுத் தேட முடியாததெல்லாம் ஒரு லாக்கா என்று நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் இந்த லேப்டாப்பில் மானத்தைக் காப்பாற்றியது அதுதான். ஜர்னலுக்கு யாரும் சொல்லாமலே ஒரு வரம்பு உண்டு: கோப்பு முறைமையில் 10 சதவீதம், அதுவும் 4 ஜிபிக்கு மேல் போகாது. நிறைந்தால் பழையதைத் தானே தள்ளிவிடும். எழுத்துக் கோப்புகள் இரண்டும் 37, 38 என்று ஓடியபோது ஜர்னல் 4இல் நின்றது.

எழுத்துக் கோப்புகளுக்குக் காவல் ‘லாக்ரொடேட்’. இது எப்போதும் ஓடும் சேவை இல்லை. நாளுக்கு ஒரு முறை எழுந்து, வாரக் கோப்புக்கு வாரம் ஆகிவிட்டதா என்று பார்த்து, ஆகியிருந்தால் பெயரை மாற்றி ஓரம் வைத்து, பழையதைச் சுருக்கி, நான்கு வாரத்துக்கு முந்தையதை எறிந்துவிட்டுத் தூங்கிவிடும். பெயர் மாற்றியதும் ஆர்சிஸ்லாக்குக்கு ஒரு சமிக்ஞை கொடுத்து, புதுக் கோப்பைத் திற என்று சொல்வதும் அதன் வேலை. பெயர்-ஐநோட் பிரச்சினை இங்கேயும் உண்டல்லவா. அடக்கமான கணினிக்கு இது போதும். இரண்டே நாளில் 37 ஜிபி எழுதும் கணினிக்கு, வாரம் ஒரு முறை வரும் குப்பை வண்டியால் என்ன பயன்? ‘மேக்ஸ்சைஸ்’ என்று ஓர் அளவைச் சேர்த்தால் வாரம் முடியாவிட்டாலும் அந்த அளவைத் தாண்டியதும் சுழற்றும். அப்போதும் நாளுக்கு ஒரு முறைதான் எழுந்து பார்க்கும் என்பது நினைவில் இருக்கட்டும். சர்வர் என்றால் மணிக்கு ஒரு முறை எழுப்புவது நல்லது.

ஜர்னலை அளவு சொல்லியோ நாள் சொல்லியோ குறைக்கலாம்: ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையோடு ‘வேக்யூம்’ என்று சேர்த்து 500 எம்பி மட்டும் வை, அல்லது ஒரு மாதம் மட்டும் வை என்று கேட்டால் போதும். கேட்டும் குறையவில்லை என்று பலர் குழம்புவார்கள். இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பை அது தொடாது, ஓரம் வைத்தவற்றை மட்டுமே எறியும். முதலில் சுழற்றச் சொல்லிவிட்டு அப்புறம் குறைக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

இதுவரை சொன்னது இடத்தைப் பற்றி. ‘/வார்/லாக்’கில் இடப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாத மூன்று கோப்புகள் இருக்கின்றன: ‘ஆத்.லாக்’, ‘டபிள்யூடிஎம்பி’, ‘பிடிஎம்பி’. ரெட்ஹேட் வழியில் வந்த கணினிகளில் முதலாவதின் பெயர் ‘செக்யூர்’. யார் நுழைந்தார், யார் ‘சூடோ’ போட்டு ரூட் ஆனார் என்பது முதலாவதில். வந்துபோனவர் பட்டியல் இரண்டாவதில், ‘லாஸ்ட்’ கட்டளை அதைப் படிக்கும். தட்டிப் பார்த்துத் தோற்றவர்கள் மூன்றாவதில்.

இணையத்தில் நேரடியாக நிற்கும் சின்ன சர்வர் ஒன்றில் ‘பிடிஎம்பி’ பல நூறு எம்பி ஆகியிருப்பது சாதாரணம். திறந்து பார்த்தால் ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள், பை என்று பெயர்கள் ஓடும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் முன்பு வழக்கப் பயனர் பெயர் ‘பை’, அதனால் அதையும் விடுவதில்லை. உங்களைக் குறிவைத்து யாரும் வரவில்லை. தெருவில் நிற்கும் எல்லா வண்டியின் கைப்பிடியையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே போகிறவன் மாதிரி. இந்த வேலை எவ்வளவு எளிது என்று 2016இல் மிராய் என்ற தீநிரல் காட்டியது. வழக்கப் பெயர், வழக்கப் பாஸ்வேர்ட் என்று வெறும் 62 சோடிகளை வைத்துக்கொண்டு கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அவற்றின் உள்ளேயும் ஓடியது லினக்ஸ்தான்.

இந்தத் தட்டல்களில் படிக்க வேண்டியது தோல்விகளை அல்ல. ஆயிரக்கணக்கான ‘ஃபெயில்ட்’ வரிகளைப் பார்த்து மலைப்பதை விட, ‘அக்செப்டெட்’ என்ற வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, இது நான்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்பதில்தான் பயன். சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் உலக நேரத்தில் இருக்கும். இரவு 9 மணிக்கு நீங்கள் நுழைந்தது 15:30 என்று எழுதப்பட்டிருக்கும். அந்த ஐந்தரை மணி நேரத்தை மறந்து, மதியம் நான் தூங்கிக்கொண்டிருந்தேனே, யார் இது என்று பதறியவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் பிறந்ததே இப்படி ஒரு திருட்டிலிருந்துதான். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென் மறையாக்கத்தோடு ஒரு மாற்று எழுதினார். ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் என்ற கதவு எண் உண்டு; பழைய சேவைகளான எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று இருந்ததால் நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார். ஒட்டுக்கேட்பது அதோடு நின்றது. ஊகிப்பது நிற்கவில்லை. ஊகிப்பதை நிறுத்த ஒரே வழி பாஸ்வேர்டையே எடுத்துவிட்டுச் சாவிக்கோப்பால் மட்டும் நுழைவது. ரூட்டாகப் பாஸ்வேர்ட் கொடுத்து நுழைவதை ஓப்பன்எஸ்எஸ்எச்சே 2015இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து வழக்கமாக மறுக்கிறது. மற்ற பயனர்களுக்கும் அதை அணைப்பது உங்கள் வேலை. அணைக்கும்போது ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு ஜன்னலில் சாவியோடு நுழைய முடிகிறதா என்று பாருங்கள். ஃபயர்வாலும் அப்படித்தான்: எஸ்எஸ்எச்சை அனுமதித்த பிறகுதான் ‘யூஎஃப்டபிள்யூ’வை இயக்க வேண்டும். வரிசை மாறினால் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

ஃபெயில்2பேன் பற்றிக் கேட்பார்கள். பத்து நிமிடத்தில் ஐந்து முறை தோற்ற முகவரியைப் பத்து நிமிடம் தடுப்பது அதன் வழக்கம். என் கருத்தில், பாஸ்வேர்டை அணைத்துவிட்ட கணினிக்கு அது பாதுகாப்பு இல்லை, லாக்கைச் சிறிதாக வைக்கும் கருவி. 22ஐ வேறு எண்ணுக்கு மாற்றுவதும் அதே ரகம். அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை, இரைச்சல் குறைந்தால் நிஜமான வரி கண்ணில் படும். ஆனால் அது லாக்கைப் படித்துத்தான் பிழைக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 2023இல் வந்த டெபியன் 12, ஆர்சிஸ்லாக்கை வழக்கமாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. ஜர்னல் போதும் என்று. அதனால் ‘ஆத்.லாக்’ என்ற கோப்பே இல்லை. ஃபெயில்2பேன் அதைத் தேடி, காணாமல், தொடங்கவே மறுத்து விழுந்தது. ஜர்னலைப் படி என்று ஒரு வரி மாற்றினால் சரி. லாக் அமைப்பில் கைவைத்தால் அதை நம்பியிருக்கும் காவல்காரன் வேலைக்கு வந்தானா என்று ஒரு நடை பார்த்துவிட வேண்டும்.

இந்த மூன்று கோப்புகளுக்கும் இன்னொரு ஆபத்து உண்டு, அது நம் அவசரத்தால் வருவது. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பாஸ்வேர்டை அடித்து எண்டர் தட்டிவிடுவோம். அப்படி ஒரு பயனர் இல்லை என்று கணினி அந்தப் ‘பெயரை’ லாக்கில் எழுதிவைக்கும். அடுத்த வரியிலேயே சரியான பெயரோடு நுழைந்த குறிப்பு. பெயரும் பாஸ்வேர்டும் அடுத்தடுத்த வரியில், எழுத்து மாறாமல். இதை யோசித்தவர்கள் இருக்கிறார்கள்: ‘லாகின்.டெஃப்ஸ்’ என்ற அமைப்புக் கோப்பில், தெரியாத பெயர்களை எழுதாதே என்ற விருப்பமும், ஏன் என்ற எச்சரிக்கையும் இருக்கின்றன. எஸ்எஸ்எச் வழியாக வருவதற்கு அந்தக் காப்பு இல்லை. இதனால்தான் நுழைவுச் செய்திகள் பொதுவான ‘சிஸ்லாக்’கில் சேராமல் தனிக் கோப்பில் போகின்றன, அதை எல்லோரும் படிக்கவும் முடியாது. பெரிய இடங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2018 மே மாதத்தில் ட்விட்டர், பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமலேயே உள் லாக் ஒன்றில் எழுதப்பட்டுவிட்டன என்று அறிவித்து, தன் 33 கோடிப் பயனர்களையும் மாற்றிக்கொள்ளச் சொன்னது.

லாக்கைத் துடைக்க ஆசைப்படுகிறவர் நாம் மட்டுமல்ல. ரூட் ஆகிவிட்ட திருடன் முதலில் தேடுவது ‘/வார்/லாக்’கைத்தான். 2009இலிருந்து பி.கே.எக்ஸெக் என்ற சின்ன நிரலில் ஒளிந்திருந்து 2022 ஜனவரியில் வெளியான ஓட்டை, சாதாரணப் பயனர் எவரையும் ரூட் ஆக்கியது. அதைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் லாக்கில் ஒரு வரி விழும். ஆனால் தடயமே விழாமலும் செய்யலாம் என்று கண்டுபிடித்தவர்களே எழுதினார்கள். பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகப் போட விடுங்கள் என்று சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு உதாரணம் போதும். லாக் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை.

பார்த்ததையும் வெளியே கொண்டுபோய் வைத்தால்தான் அது சாட்சி. இதைச் செய்து காட்டியதும் பெர்க்லிதான். 1986இல் அங்கே மலைமேல் இருக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணினி நேரக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. வானியல் படித்துவிட்டுக் கணினி வேலைக்கு வந்திருந்த கிளிஃபோர்ட் ஸ்டோலிடம் அதைப் பார்க்கச் சொன்னார்கள். கணக்கில் இல்லாத ஒருவர் உள்ளே உலவுகிறார் என்று தெரிந்ததும், வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சு எந்திரங்களை மாட்டினார். வந்தவர் அடித்த ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. கணினிக்குள் எதை அழித்தாலும் காகிதத்தை அழிக்க முடியாது. அச்சு ஓடுவதே அவருக்குத் தெரியாது. தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் மார்கஸ் ஹெஸ் என்பவரிடம் போய் நின்றது. எடுத்ததை அவர் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்தார். இன்று அச்சு எந்திரத்துக்குப் பதில், லாக்கை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்ப ஆர்சிஸ்லாக்கில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

எந்த வரி முக்கியம் என்று முன்கூட்டியே தெரிவதில்லை, அதுதான் சிக்கல். 2011 ஆகஸ்டில் லினக்ஸ் கர்னலின் மூலநிரலையே விநியோகிக்கும் கெர்னல்.ஆர்க் சர்வர்களில் யாரோ புகுந்திருப்பது தெரியவந்தது. காட்டிக்கொடுத்தது, எக்ஸ்நெஸ்ட் என்ற வரைகலை நிரல் நினைவகத்தைத் தொட முயன்றதாகச் சொன்ன ஒரு பிழைச் செய்தி. அந்தக் கணினியில் எக்ஸ்நெஸ்ட் நிறுவப்படவே இல்லை.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் விசித்திரம். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். அதற்குக் கணினி அமைதியாக இருக்க வேண்டும். பார்த்தால் எஸ்எஸ்எச் சேவை அளவுக்கு மீறி உழைக்கிறது. நாம் மேலே பார்த்த அதே கைப்பிடி இழுக்கும் கூட்டம்தான், தப்பான பெயரோடு வந்து உடனே தோற்றுப் போகிறது. தோற்பதற்கு எதற்கு இவ்வளவு உழைப்பு? அளந்தார்: முன்பு 0.299 நொடி, இப்போது 0.807. அந்த அரை நொடியைத் துரத்திப் போனவர், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ இரண்டு வருடத்துக்கும் மேலான திட்டத்தோடு புதைத்திருந்த கள்ளக் கதவைக் கண்டுபிடித்து மார்ச் 29 அன்று வெளியிட்டார். உலகம் முழுக்கச் சர்வர்களுக்குள் போயிருக்க வேண்டியது, அதோடு நின்றது.

அலுவலகச் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் என்றால் துடைப்பத்தை எடுக்கும் முன் சட்டத்தையும் கேட்க வேண்டும். இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தங்கள் கணினி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். லாக்ரொடேட்டின் வழக்கமான நான்கு வாரம் இதற்குக் காணாது. வீட்டு லேப்டாப்புக்கு இந்த விதி இல்லை.

அந்த வீட்டு லேப்டாப்புக்குத் திரும்புவோம். மின்சேமிப்பை அணைத்து, ‘கெர்ன்.லாக்’கைக் காலி செய்து, அளவு வரம்பு போட்டு, ரீஸ்டார்ட் செய்தாயிற்று. பத்து நிமிடம் பார்த்தோம், ஒரு பிழை வரியைக்கூடக் காணோம். கையோடு எந்தெந்தக் கதவு திறந்திருக்கிறது என்று ‘எஸ்எஸ்’ கட்டளையால் பார்த்தேன். தரவுத்தளம் ஒன்று, 127 என்று தொடங்கும் முகவரியில் மட்டும் காத்திருந்தது. தனக்குள்ளேயே பேசிக்கொள்வது, பரவாயில்லை. இன்னொன்று 8000ஆம் எண்ணில், எல்லா முகவரியிலும் திறந்து கிடந்தது. பைத்தானோடு வரும் குட்டி வெப் சர்வர்.

“இது என்னடா?”

“ஹாஸ்டல்ல படம் ஷேர் பண்றதுக்குப் போட்டது மாமா. லாகின் ஆனதும் தானா ஓடுற மாதிரி வச்சிருந்தேன். மறந்தே போச்சு.”

அந்தச் சர்வர் எந்த அடைவில் நின்று தொடங்குகிறதோ அதை முழுசாகக் காட்டும். இவனுடையது ஹோம் அடைவில் நின்றது. என் ஃபோனின் பிரவுசரில் அவன் முகவரியை அடித்தேன். படங்கள், புராஜெக்ட்டுகள், புள்ளியில் தொடங்கும் மறைவு அடைவுகள் எல்லாம் பட்டியலாக வந்தன. எஸ்எஸ்எச் சாவி இருக்கும் அடைவும் இருந்தது. தொட்டேன், திறந்தது. ஆறு மாதம் ஹாஸ்டல் வைஃபையில் இப்படியே இருந்திருக்கிறது.

யாராவது எடுத்தார்களா என்று பார்த்துவிடலாம் என்றேன். அந்தக் குட்டிச் சர்வர் வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு வரி எழுதும், அது ஜர்னலில்தான் போய்ச் சேரும். நல்லவேளை, ஜர்னலை நான் இன்னும் தொடவில்லை. திறந்தோம். நாங்கள் இப்போது ஃபோனில் பார்த்த வரிகள் இருந்தன. அதற்கு மேலே, திருத்திக்கொண்டேன், திருத்திக்கொண்டேன், திருத்திக்கொண்டேன் என்று வைஃபை கார்டின் புலம்பல். அன்று காலைக்கு முந்தைய வரி ஒன்றுகூட இல்லை. 4 ஜிபி வரம்புக்குள் நிற்பதற்காக ஜர்னல் பழையதையெல்லாம் இரண்டு நாளாக எறிந்துகொண்டே வந்திருக்கிறது, ஹாஸ்டல் நாட்களையும் சேர்த்து.

அன்று மாலை அவன் கிட்ஹப்பிலிருந்து பழைய சாவியை நீக்கி, புதுச் சாவி உருவாக்கி, கல்லூரிச் சர்வருக்கும் மாற்றினான். அப்புறம் பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மாற்ற உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டபோது நாற்பதாவதில் இருந்தான்.